சுண்ணாம்பு மொக்கராசும் வடை மொக்கராசும்

ஐப்பசி மழை இரண்டு நாள் ஓய்ந்திருந்த ஒரு சந்தை நாளில், ஆனைப்பாழி பஸ் நிலையத்தில் இறங்கிய பேர் தெரியாத ஒருவன், வீராயி கடையில் இரண்டு உளுந்த வடை வாங்கித் தின்று, வடை மடித்திருந்த காகிதத்திலேயே கையைத் துடைத்து, அதே காகிதத்தால் வாயையும் ஒற்றிக்கொண்டு நிமிர்ந்தபோது மொக்கராசுவாக ஆகியிருந்தான். இடது புருவத்தை வெட்டிப் போகும் தழும்பு, ஒரு பக்கம் தூக்கலாகவும் மறுபக்கம் தொங்கலாகவும் இருக்கும் மீசை, பேசுவதற்கு முன்னால் இரண்டு தரம் செருமுகிற செருமல், எல்லாம் எண்ணெயோடு எண்ணெயாக அவன்மேல் ஏறியிருந்தன. சட்டிக்குப் பின்னால் நின்ற வீராயி அதைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். ஆள் மாறியது அவளுக்குப் பெரிதாகப் படவில்லை. மொக்கராசு தன் கடையில் வடை தின்றதுதான் அவளுக்கு ஆச்சரியம், ஏனென்றால் ஏழு வருஷத்துக்கு முன்னால் நேற்றைய சட்னியை ஊற்றிவிட்டாள் என்று அந்தப் பக்கமே முகத்தைத் திருப்பாத மனிதர் அவர்.

“சட்னி நல்லா இருக்கு தாயி” என்றான் புது மொக்கராசு.

வீராயி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு மூன்றாவது வடையைச் சும்மா எடுத்து வைத்தாள். அவன் அதைத் தின்றுகொண்டே, காகிதத்தில் அச்சாகியிருந்த பெயரையும் தகப்பன் பெயரையும் பிறந்த தேதியையும் கதவு எண்ணையும் நிதானமாக ஒரு தரம் வாசித்தான். நடந்த அதிசயத்தில் அவனுக்குப் பங்கில்லை என்று சிலர் இன்றைக்கும் சொல்கிறார்கள். இருக்கட்டும். வாசித்தது அவன்தானே. திருடன் திருடன்தான்.

உண்மையான மொக்கராசு அந்த நேரத்தில் மூன்று தெரு தள்ளி, அரிசி மில்லின் பின்சுவருக்கு ஏணி சாத்தி வெள்ளையடித்துக்கொண்டிருந்தார். அறுபத்துமூன்று வயது, அதில் நாற்பத்தைந்து வருஷம் சுண்ணாம்பு. கோபத்தையும் அவர் சுண்ணாம்பு மாதிரியே வைத்துக்கொண்டார். பானையில் போட்டு, தண்ணீர் ஊற்றி, மூடி, காயவிடாமல். ஊரில் பத்துப் பேரோடு அவருக்குப் பேச்சுவார்த்தை கிடையாது. மீசையை ஒரு பக்கம் கூடுதலாக நறுக்கிய சலூன்காரரோடு பேசுவதில்லை, கல்யாணப் பத்திரிகையைக் கையில் கொடுக்காமல் கதவிடுக்கில் செருகிவிட்டுப் போன மில் கணக்குப்பிள்ளையோடு பேசுவதில்லை, ‘நல்லா இருக்கீங்களா’ என்று கேட்டுவிட்டுப் பதிலுக்கு நிற்காமல் சைக்கிளை மிதித்த தபால்காரரோடு பேசுவதில்லை. எல்லாவற்றுக்கும் தலைமகன் மாதிரி இருந்தது மைத்துனர் தவசியோடு இருந்த பகை. மனைவி ராக்கம்மாளின் உடன்பிறந்த தம்பி தவசி. அவர் வீடு கட்டியபோது மொக்கராசு கூலி வாங்காமல் நான்கு நாள் நின்று, கிளிஞ்சல் சுண்ணாம்பில் நீலம் சரியாகக் கலந்து, நிலா வெளிச்சம் பட்ட மாதிரி இரண்டு பூச்சுப் பூசிக் கொடுத்தார். பால் காய்ச்சுகிற அன்று போய்ப் பார்த்தால் அதன்மேல் ரோஸ் நிறத்தில் டிஸ்டம்பர் அடித்திருந்தது. வாசலில் செருப்பைக் கழற்றியவர் திரும்ப மாட்டிக்கொண்டு வந்துவிட்டார். பத்தொன்பது வருஷம் ஆகிறது. ராக்கம்மாள் அன்றைக்கு நின்றுபோன தாய்வீட்டு வழியை அதற்கப்புறம் மிதிக்கவில்லை.

அந்தக் காகிதம் வடைக்கடைக்கு வந்த விதத்தையும் சொல்லிவிட வேண்டும். ஆனைப்பாழியில் எதற்குப் போனாலும் அடையாள அட்டை நகல் கேட்பார்கள். கேஸ் சிலிண்டருக்கு நகல், போனுக்கு நகல், பிள்ளையைப் பள்ளியில் சேர்க்க நகல், ஒரு தரம் வாலிபால் போட்டிக்குக்கூட நகல் கேட்டார்கள். நகல் எடுக்கும்போது சாய்ந்துபோனது, மங்கிப்போனது, முகம் கருத்துப்போனது எல்லாவற்றையும் ஜெராக்ஸ் கடைக்காரர் ஓர் அட்டைப் பெட்டியில் போட்டுவைத்து, பெட்டி நிரம்பியதும் எடைக்கு எதிர்க்கடை வீராயியிடம் கொடுத்துவிடுவார். இது ஊருக்கே தெரியும். ஊரே அந்தக் காகிதத்தில்தான் வடை தின்றது. ‘இன்னைக்கு எனக்கு டிரில் வாத்தியார் வந்திருக்கார்’, ‘எனக்கு உங்க சம்பந்தி’ என்று ஒருவருக்கொருவர் காட்டிச் சிரித்து, எண்ணெய் ஊறிய முகங்களைக் கசக்கி எறிந்துவிட்டுப் போவார்கள். யாருக்கும் அதில் பயம் தோன்றியதில்லை. மொக்கராசுவுக்குப் போன மாதம் எடுத்த நகலில் முகம் கருத்து விழுந்தது. ‘என்னைச் செத்த பிணமாட்டம் எடுத்துட்டான்’ என்று கோபித்துக்கொண்டு வந்துவிட்டார். அன்றிலிருந்து ஜெராக்ஸ் கடைக்காரர் பதினோராவது ஆள். கோபத்தில் அந்தக் காகிதத்தை வாங்கிக் கிழித்துப்போட மட்டும் மறந்துவிட்டார்.

புதியவன் நேரே ரேஷன் கடைக்குப் போனான். மாதா மாதம் அங்கே மொக்கராசு படுகிற பாட்டை ஊர் பார்த்திருக்கிறது. சுண்ணாம்பு அவருடைய பத்து விரலின் ரேகையையும் தின்று, விரல் நுனிகளைப் புளியங்கொட்டை மாதிரி வழவழப்பாக்கியிருந்தது. மிஷின்மேல் ஒவ்வொரு விரலாக வைத்து, துடைத்து வைத்து, ஊதி வைத்து, கடைசியில் நோட்டில் கையெழுத்துப் போட்டுத்தான் அரிசி வாங்குவார். புதியவன் கட்டைவிரலை வைத்தான். வைத்தானோ இல்லையோ, மிஷின் பச்சை விளக்கைப் போட்டுக் கிளி மாதிரி கூவியது. வரிசையில் நின்றவர்கள் கைதட்டினார்கள். அந்தக் கைதட்டலோடு அவன் போன் கடைக்குப் போய் ஏழு சிம் கார்டு வாங்கினான், கேஸ் இணைப்பை வேறு முகவரிக்கு மாற்றினான், வாக்காளர் பட்டியலில் போட்டோவைப் புதுசாக்கினான், பக்கத்து ஊர்க்காரன் ஒருவன் வாங்குகிற டிராக்டருக்குச் சாட்சிக் கையெழுத்தும் போட்டான். இதெல்லாம் ஒன்றரை நாளில் முடிந்தது. மொக்கராசு அறுபத்துமூன்று வருஷத்தில் இத்தனை இடத்துக்குப் போனதில்லை.

மூன்றாம் நாள் மில் சுவரில் இருந்து தற்செயலாகத் திரும்பியவர், தவசியின் மோட்டார் சைக்கிளில் பின்னால் உட்கார்ந்து கடலை கொறித்துக்கொண்டு தானே போவதைப் பார்த்தார். ஏணியிலிருந்து எப்படி இறங்கினார் என்று அவருக்கே தெரியாது. சுண்ணாம்பு சொட்டுகிற பூச்சு மட்டையோடு ஓடி, மணிக்கூண்டடியில் வண்டியை மறித்தார்.

“நீ யாருய்யா?”

“மொக்கராசு” என்றான் பின்னால் இருந்தவன், இரண்டு தரம் செருமிவிட்டு. “நீங்க?”

மொக்கராசு பதில் சொல்ல வாயைத் திறந்தார். அதற்கும் இரண்டு தரம் செரும வேண்டியிருந்தது. செருமினால் அவனைப் பார்த்துச் செய்கிற மாதிரி ஆகிவிடுமே என்று நின்றுவிட்டார். கூடியிருந்த ஜனம் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தது. யாரும் கத்தவில்லை. இரட்டைத் தென்னையைப் பார்க்கிற மாதிரி தலையைச் சாய்த்துப் பார்த்துவிட்டு, இனி எந்த மொக்கராசுவை எப்படிக் கூப்பிடுவது என்ற யோசனையில் இறங்கியது. சாயங்காலத்துக்குள் ஒருவர் சுண்ணாம்பு மொக்கராசு, ஒருவன் வடை மொக்கராசு என்று முடிவாகி, மறுநாள் காலையில் பால்காரர் அதை அப்படியே நோட்டில் எழுதிக்கொண்டார்.

அதற்குப் பிறகு ஆனைப்பாழிக்கு வந்த கொண்டாட்டத்தைக் கேட்டால் நம்ப மாட்டீர்கள். வீராயி கடையில் திருவிழாக் கூட்டம். மாவாட்ட இரண்டு பெண்களைப் போட்டாள். யார் முகத்தில் வடை வேண்டும் என்று ஜனங்கள் கேட்டு வாங்கினார்கள், கிடைக்காதவர்கள் கிடைத்த முகத்தில் தின்றார்கள். மளிகைக் கடைக்காரர் பஞ்சாயத்துத் தலைவராகி இரண்டு நாள் மாலை வாங்கிக்கொண்டு திரிந்தார், மூன்றாம் நாள் எல்லாரும் சாக்கடை அடைப்புக்கு வழி கேட்கவும் தன் நகலிலேயே ஒரு வடையைத் தின்று தன்னிடம் திரும்பிவிட்டார். உஷாரானவர்கள் நகலின் குறுக்கே இரண்டு கோடு போட்டு, எதற்காகக் கொடுக்கிறோம் என்று எழுதிக் கையெழுத்தும் தேதியும் போட ஆரம்பித்தார்கள். அந்தக் காகிதத்துக்கு ஒரு நேர்மை இருந்தது. என்ன எழுதியிருக்கிறதோ அதற்கு மேல் ஓர் அங்குலம் நகராது. டிரில் வாத்தியார் ‘வங்கிக் கணக்குக்கு மட்டும்’ என்று எழுதிய நகலில் வடை தின்ற மூன்று பேர், வங்கி வாசற்படி ஏறுகிறபோது டிரில் வாத்தியாராகி, விசில் சத்தம் கேட்டால் நேராக நின்று, படி இறங்குகிறபோது பழையபடி தேங்காய் வியாபாரிகளாகிவிட்டார்கள். ‘திருமணப் பதிவுக்கு மட்டும்’ என்று ஒருவர் எழுதிக்கொடுத்த நகலால், பதிவு அலுவலகத்தில் ஒரு பெண்ணுக்கு முன்னால் இரண்டு மாப்பிள்ளை நின்றார்கள். அவள் கொஞ்சமும் பதறாமல், குடை கொண்டுவந்தவனைப் பிடித்துக்கொண்டு கையெழுத்துப் போட்டாள்.

மொக்கராசுவின் காகிதத்தில் மட்டும் கோடும் இல்லை, தேதியும் இல்லை. அதனால் வடை மொக்கராசுவுக்கு முடிவே இல்லை. கசக்கி எறிந்த காகிதத்திலிருந்து எண்ணெய் பரவுகிற மாதிரி மொக்கராசு அவனுக்குள் பரவிக்கொண்டே இருந்தார். முதல் வாரம் பேரும் முகமும். இரண்டாம் வாரம் ஏணி ஏறுகிறவர்களுக்கு வருகிற முழங்கால் வலி. மூன்றாம் வாரம் அவன் ராக்கம்மாளின் தகப்பனார் இறந்த அன்று பெய்த மழையைப் பற்றிப் பேசினான். ஒன்றே ஒன்றுதான் அவனுக்கு வரவில்லை. கோபம் வரவில்லை. சலூன்காரரிடம் போய்ச் சிரித்து மீசையைச் சமன் செய்துகொண்டான், தபால்காரரை நிறுத்தி நல்லா இருக்கேன் என்றான், ஜெராக்ஸ் கடையில் போய் உட்கார்ந்து பேப்பர் வாசித்தான். தவசி வீட்டுக்குப் போய் ரோஸ் சுவரைத் தடவிப் பார்த்து, ‘கலர்னா இதுதான் மாப்ள’ என்றான். தவசி அவனைக் கட்டிப் பிடித்துக்கொண்டு அழுதார். பதினோரு பகையும் பதினைந்து நாளில் காலி. சிம் கார்டு போனதற்கும் சிலிண்டர் போனதற்கும் மொக்கராசு இவ்வளவு துடிக்கவில்லை. ஒவ்வொன்றையும் எத்தனை பாடுபட்டுக் காப்பாற்றி வைத்திருந்தார்! பேரைத் திருடுகிறவன் பேரோடு போக வேண்டியதுதானே.

ராக்கம்மாளைப் பற்றி யாரும் தப்பாக நினைக்க வேண்டாம். முதல் நாளே வாசலில் வந்து நின்ற வடை மொக்கராசுவிடம் அவள் விளக்குமாற்றைத் தரையில் ஊன்றி, ‘பேரை வச்சுக்க, ரேகையை வச்சுக்க, இந்தப் படிக்கு மேல ஏறாத’ என்று சொல்லிவிட்டாள். அவன் பேருந்து நிலையத்துப் பயணிகள் கூடத்தில்தான் படுத்துக்கொண்டான். ஆனால் தவசி வீட்டில் கறிவிருந்து என்று அழைப்பு வந்தபோது, அவள் பச்சைப் புடவை கட்டிக்கொண்டு, அவன் நான்கு எட்டு முன்னால் நடக்க, பத்தொன்பது வருஷத்துக்குப் பிறகு தம்பி வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டு, அம்மாவின் பித்தளைச் செம்பை வாங்கிக்கொண்டு வந்துவிட்டாள். மொக்கராசு சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார்.

“போய்ட்டல்ல” என்றார்.

“அவரு உங்க பேருல வந்தாரு” என்றாள் ராக்கம்மாள், செம்பைப் புளி போட்டுத் தேய்த்துக்கொண்டே. “நான் எம்பேருலதான போனேன்.”

கார்த்திகை பிறந்ததும் விஷயம் முற்றியது. மொக்கராசுவைப் போல முதியோர் பென்ஷன் வாங்குகிறவர்கள் வருஷா வருஷம் உயிரோடு இருக்கிறோம் என்று காட்டி உயிர்ச் சான்று வாங்க வேண்டும். அந்த முகாம் வருகிற புதன்கிழமை சமுதாயக் கூடத்தில் நடக்கும் என்று கிராம நிர்வாக அலுவலர் கலாவல்லி நோட்டீஸ் ஒட்டினார். கலாவல்லி வெளியூர்ப் பெண், கணக்காகப் பேசுகிறவர். இரண்டு மொக்கராசுவையும் கூப்பிட்டு விஷயத்தைச் சொல்லிவிட்டார். ஒரு பேருக்கு ஓர் உயிர்தான். புதன்கிழமை யாருக்குச் சான்று கிடைக்கிறதோ அவர்தான் மொக்கராசு. மற்றவர் போலி என்று எழுதி, ரேஷன், ஓட்டு, வீட்டு வரி, எல்லாப் பதிவேட்டிலிருந்தும் எடுக்கப்படுவார். எடுத்தபிறகு செத்தால்கூட இறப்புச் சான்று கிடைக்காது, ஏனென்றால் இல்லாத ஆள் சாக முடியாது.

மொக்கராசுவை அந்தக் கடைசிச் சொல் உலுக்கிவிட்டது. வாழ்கிறபோது ஆள் இல்லாமல் போனால் போகட்டும், செத்த பிறகும் ஊரில் ஆளாக இல்லாமல் எப்படிக் கிடப்பது? அன்றிலிருந்து வேலைக்குப் போகவில்லை. மளிகைக்காரருக்குப் பலித்ததே என்று தன் நகலை எட்டு எடுத்து, ராக்கம்மாளை வடை சுடச் சொல்லி, எட்டிலும் மடித்துத் தின்றுபார்த்தார். ஏற்கெனவே மொக்கராசுவாக இருப்பவர் எத்தனை வடை தின்றால் என்ன, நெஞ்செரிச்சல்தான் வந்தது. ரேகை முளைக்கும் என்று யாரோ சொன்னார்கள் என்று விளக்கெண்ணெயில் கட்டைவிரலை ஊறப்போட்டார். பிறந்த தேதியை மனப்பாடம் செய்தார். புரட்டாசியில் புளியமரம் சாய்ந்த புயலுக்கு மறுநாள் பிறந்தவர் அவர். அட்டை எடுத்தபோது தேதி தெரியாது என்றதால் ஜனவரி ஒன்று என்று போட்டிருந்தது. அதைச் சொல்லிப் பார்க்கும்போதெல்லாம் வேறு யாரோ ஒருவர் பிறந்த மாதிரி இருந்தது.

புதன்கிழமை காலையில் சமுதாயக் கூடத்தில் ஊரே இருந்தது. மற்ற பென்ஷன்காரர்கள் சீக்கிரம் உயிரோடு இருப்பதாக எழுதிக்கொண்டு, வேடிக்கை பார்க்க முன்வரிசையில் உட்கார்ந்துகொண்டார்கள். வீராயி இரண்டு கூடை வடையைச் சுத்தமான வாழையிலையில் கொண்டுவந்திருந்தாள், இன்றைக்கு யாரும் யாராகவும் ஆகக் கூடாது என்று கலாவல்லி கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். இரண்டு மொக்கராசுவும் ஒரே மாதிரி வெள்ளை வேட்டியும் தோளில் துண்டுமாக மேஜைக்கு முன்னால் நின்றார்கள்.

பிறந்த தேதி என்ன என்றார் கலாவல்லி. வடை மொக்கராசு பட்டென்று சொன்னான். சுண்ணாம்பு மொக்கராசு வாயைத் திறந்ததும் புயலும் புளியமரமும்தான் வந்தது. கதவு எண் கேட்டார். அவன் சொன்னான். இவருக்குத் தன் வீட்டுக்கு எண் இருப்பதே அன்றைக்குத்தான் தெரியும். வேப்பமரம் தாண்டி மூன்றாவது வீடு என்றார். மிஷினில் விரல் வைக்கச் சொன்னார். அவனுக்குக் கிளி கூவியது. இவர் பத்து விரலையும் வைத்து, விளக்கெண்ணெயைத் துடைத்து மறுபடி பத்து விரலையும் வைத்து, சிவப்பு விளக்கையே பார்த்துக்கொண்டு நின்றார். கூடத்தில் ஒரு பரிதாபச் சத்தம் எழுந்து அடங்கியது. மொக்கராசு என்ற ஆளைப் பற்றி மொக்கராசுவுக்குத்தான் எதுவும் தெரியவில்லை என்று ஆகிவிட்டது.

“இன்னும் ஒண்ணு பாக்கி” என்றார் கலாவல்லி. “ஒரே வீட்டுல இல்லாத சொந்தக்காரர் ஒருத்தர், இவர்தான்னு சாட்சிக் கையெழுத்துப் போடணும். மைத்துனர் வந்திருக்காரா?”

தவசி எழுந்து வந்தார். இஸ்திரி போட்ட சட்டையும் பையில் பேனாவுமாகத் தயாராகவே வந்திருந்தார். சுண்ணாம்பு மொக்கராசு கூடத்துச் சுவரைப் பார்க்கத் திரும்பிக்கொண்டார். போயிற்று, எல்லாம் போயிற்று. உயிர் தன் கையை விட்டுப் போகிறது என்று தெரிந்தும், அந்த முகத்தைப் பார்த்துக் கேட்க அவருக்குக் கழுத்து திரும்பவில்லை.

தவசி பேனா மூடியைத் திறந்தார். கூட்டத்தைப் பார்த்ததும் அவருக்கு இரண்டு வார்த்தை பேச வேண்டும் என்று ஆசை வந்துவிட்டது. வடை மொக்கராசுவின் தோளில் கையைப் போட்டுக்கொண்டு, கலாவல்லியிடம் சொல்கிற மாதிரி ஊருக்கே சொன்னார்.

“மேடம், இவரு தங்கமான மனுஷன். எங்கக்காவக் கட்டுனாரே மொக்கராசு, அது ஒரு மனுஷனா? ஒரு சுவத்துக்குக் கலர் மாத்துனதுக்குப் பத்தொம்பது வருஷம் மூஞ்சியத் தூக்கி வச்சுக்கிட்டுத் திரிஞ்ச ஆளு. சிரங்கு புடிச்ச நாயாட்டம் யாரையும் பக்கத்துல அண்ட விடாது.”

கூடம் சிரித்தது. சலூன்காரர் தொடையில் தட்டிச் சிரித்தார். வடை மொக்கராசு சிரிக்கவில்லை. அவன் தோளில் இருந்த கையை மெல்ல எடுத்துக் கீழே விட்டான். இரண்டு தரம் செருமினான்.

“யாரை நாய்னு சொன்ன?”

“உங்கள இல்ல மச்சான், அந்த மொக்கராசுவ.”

“நாந்தாண்டா மொக்கராசு.”

சுண்ணாம்பு மொக்கராசு சுவரிலிருந்து திரும்பிப் பார்த்தார். கடைசி எண்ணெய்த்துளியும் ஊறிவிட்டது. புது மொக்கராசுவின் மூக்கு விடைத்து, சமன் செய்திருந்த மீசை ஒரு பக்கம் துடித்தது.

“நாலு நாள் நின்னு பூசுனேன். கிளிஞ்சல எங்கையால நீத்தி, சல்லடையில சலிச்சு, நீலம் ஒரு பொட்டு கூடக் குறைய இல்லாமக் கலந்து பூசுனேன். காயறதுக்குள்ள அதுமேல ரோஸ் அடிச்ச. சுவரைத் தடவும்போதே கை எரிஞ்சுச்சு, என்னன்னு தெரியாம இருந்துட்டேன். இப்ப நாய்ங்குறியா? ஏய், இந்த ஊரே கேட்டுக்க. இனி உன் முகத்துல முழிக்க மாட்டேன். இந்த ஊரு எல்லைய மிதிக்க மாட்டேன்.”

துண்டை உதறித் தோள் மாற்றிப் போட்டுக்கொண்டு அவன் கூடத்தை விட்டு நடந்தான். கலாவல்லி, சார், சார், சான்று ரெடி என்று கூப்பிட்டார். அவன் திரும்பவில்லை. மொக்கராசு ஒரு தரம் போனால் திரும்ப மாட்டார் என்பது ஊருக்குத் தெரியும் என்பதால் பின்னால் யாரும் ஓடவுமில்லை.

மேஜைமேல் காகிதம் கிடந்தது. தவசி திறந்த பேனாவோடு நின்றார். கலாவல்லி கடிகாரத்தைப் பார்த்து, பன்னிரண்டரைக்கு முகாம் முடிகிறது, சாட்சி இல்லையென்றால் மொக்கராசு என்ற பேரையே எடுத்துவிட வேண்டியதுதான் என்றார். ராக்கம்மாள் முன்வரிசையிலிருந்து கணவரைப் பார்த்தாள். மொக்கராசு நெஞ்சுக்குள் பத்தொன்பது வருஷம் குலுங்காமல் வைத்திருந்த பானை ஒரு தரம் ஆடியது. தன் சார்பாக ஒருவன், தன் சுண்ணாம்புக்காக ஒருவன், ஊரைக் கூட்டிக் கேட்டுவிட்டுப் போயிருக்கிறான் என்ற நினைப்பு அவரைச் சாராயம் மாதிரி ஏற்றிவிட்டிருந்தது. இரண்டு தரம் செருமினார். யாரைப் பார்த்தும் இல்லை, தனக்காகவே செருமினார்.

“மாப்ள” என்றார். “கையெழுத்தப் போடு.”

தவசி பக்கத்தில் வந்து அந்தத் தழும்பையும் தொங்கல் மீசையையும் உற்றுப் பார்த்தார்.

“போடுறேன் மச்சான். நாளைக்கு நம்ம வீட்டுக்குச் சாப்பிட வருவீங்களா?”

“வர மாட்டேன்.”

“சுவத்துக்கு வேணா வெள்ளையடிச்சிடுறேன்.”

“அப்பவும் வர மாட்டேன்.”

தவசிக்கு முகமெல்லாம் சிரிப்பாக வந்தது. மேஜைமேல் குனிந்து, ‘மேடம், சத்தியமா இதுதான் எங்க மச்சான்’ என்று சொல்லிக்கொண்டே, கோணல் மாணலாகத் தன் பேரை எழுதினார். கலாவல்லி சீல் வைத்தார். மொக்கராசு, வயது அறுபத்துமூன்று, உயிருடன் இருக்கிறார். கூடத்தில் எழுந்த ஆரவாரத்தில் வீராயியின் வடைக் கூடை ஒன்று கவிழ்ந்து, வாழையிலையோடு வடைகள் நாலாபக்கமும் உருண்டன, யாரும் யாராகவும் ஆகாமல் பொறுக்கித் தின்றார்கள்.

மொக்கராசு தின்ன நிற்கவில்லை. சான்றை வேட்டி மடிப்பில் செருகிக்கொண்டு, முழங்கால் வலியையும் பார்க்காமல், பஸ் நிலையத்துக்கு ஓடினார். சிம் கார்டைக் கேட்கவா ஓடுகிறீர்கள் என்று யாரோ கேட்டார்கள். இல்லை. அவனிடம் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும் என்று ஓடினார். என்ன வார்த்தை என்று அவருக்கு இன்னும் கிடைத்திருக்கவில்லை. போய் நின்றால் வந்துவிடும் என்று நினைத்தார்.

தென்காசி பஸ் புறப்படுகிற நேரம். மூன்றாவது ஜன்னலில் அவர் உட்கார்ந்திருந்தார். அவருடைய தழும்பு, அவருடைய மூக்கு, அவருடைய மீசை, அது இப்போது நன்றாகவே ஒரு பக்கம் தொங்கிவிட்டிருந்தது. மொக்கராசு கையைத் தூக்கினார். ஜன்னலில் இருந்தவர் பார்த்தார். பார்த்துவிட்டு, மோவாயைச் சற்றே உயர்த்தி, இங்கே இல்லாத எதையோ பார்க்கிற மாதிரி கண்ணைத் தூரத்துக்குக் கொண்டுபோய், முகத்தை மறுபக்கம் திருப்பிக்கொண்டார்.

எத்தனை பேருக்கு எத்தனை தெருவில் மொக்கராசு இதைச் செய்திருப்பார். கீழே நின்று இதுவரை பார்த்ததில்லை.

கண்டக்டர் விசில் ஊதினார். பஸ் நகர்ந்தது. மொக்கராசு அதன் கூடவே நடந்து, பிறகு ஓடி, தகரத்தில் உள்ளங்கையால் தட்டித் தட்டி, பஸ் நிலையமே திரும்பிப் பார்க்கக் கூப்பிட்டார்.

“மொக்கராசு. யப்பா மொக்கராசு. இந்தப் பக்கம் திரும்பு.”